அசல் சாமானுக்குக் காத்திருந்த சைக்கிள்

அந்தச் சைக்கிள் எனக்குக் கிடைத்தபோது அதற்கு என்னைவிட வயது கூட. முதல் உலக யுத்தத்துக்கு முன்னரே கப்பலில் வந்து இறங்கியது என்று ஆஸ்பத்திரியில் சொல்லுவார்கள். தாதிமாருக்குத் தலைவியாக இருந்த வெள்ளைக்கார மேற்றன் ஒருவர் அதில்தான் திருகோணமலைத் தெருக்களைச் சுற்றினாராம். ஓய்வு பெற்று மலைநாட்டுக்குப் போனபோது, பிரசவ வாட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் அதை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் முதல் முதல் பார்த்த அன்று அதன் மேல் உடைந்த கட்டில் சட்டங்களும் கிழிந்த நுளம்பு வலைகளும் கிடந்தன. வலைகளுக்குள் இருந்து ஹாண்டில் மட்டும் ஆட்டுக்கொம்பு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை நான். கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து, முதல் நியமனமாகத் திருகோணமலைக்கு வந்திருந்தேன். ஓர்ஸ் ஹில் சரிவில் ஒரு அறையும் குசினியும் உள்ள சின்ன வீட்டில் குடியிருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி இரண்டு வருசம் ஆகியிருந்தது. துறைமுகம் நிறையக் கப்பல். றிக்‌ஷா, மாட்டுவண்டி எல்லாம் பட்டாள முகாம் வேலைக்குப் போய்விட்டன. பெற்றோல் இல்லாமல் பஸ்ஸும் நினைத்த நேரம்தான் ஓடியது. பிள்ளை பிறக்கும் வீடுகளுக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துதான் போவேன். உப்புவெளி வரைக்கும் நடந்திருக்கிறேன். திரும்பி வரும்போது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

பெரிய டொக்டர் ஒருநாள் என் காலைப் பார்த்துவிட்டு, "உமக்கு சைக்கிள் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"ஓம். பயிற்சியில இருக்கேக்க பழகினனான்."

"அப்ப அந்த மேற்றன்ர சைக்கிளை எடும். ஓடினா உமக்கு."

ஓடுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. ரயர் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. செயின் துருப்பிடித்து ஒரே கட்டையாக இறுகியிருந்தது. ஆஸ்பத்திரித் தோட்டக்காரரின் உதவியோடு அதைத் தள்ளிக்கொண்டு, இல்லை, பாதி தூக்கிக்கொண்டு, நகரத்தில் இருந்த சைக்கிள் கடைகளுக்குப் போனேன். முதல் இரண்டு கடைக்காரருக்கும் முகாம்காரரின் வேலையே தலைக்கு மேல். ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மற்றவர் பார்த்துவிட்டு, "இதைக் கடலுக்குள்ள போடுங்கோ" என்றார்.

மூன்றாவது கடை சந்தைக்குப் பின்னால், ஒரு வேப்பமரத்துக்குக் கீழே. கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல எல்லாரும் அவரை நானா என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தார். சைக்கிளைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார். பிறகு குந்தியிருந்து, பின்சக்கரத்துக்கு மேல் இருந்த மட்காட்டை விரலால் தடவினார். அதன் இரண்டு ஓரத்திலும் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் இருந்தன.

"இது என்னத்துக்கு எண்டு தெரியுமா மிஸ்ஸி?"

எனக்குத் தெரியாது. தாதிமாரையும் மருத்துவிச்சிமாரையும் அங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பொம்பிளையள்ற உடுப்பு சில்லுக்குள்ள போகாம இருக்க வலை கட்டுற துளை. பட்டு நூல் வலை. நான் கேள்விப்பட்டிருக்கன். கண்ணால பாக்கிறது இதான் முதல்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்கு ஒரே சந்தோசம். சரியான ஆளிடம் வந்துவிட்டோம் என்று நினைத்தேன். அது சரிதான். ஆனால் எவ்வளவு காலம் எடுக்கும் என்று நான் அப்போது கேட்கவில்லை.

அடுத்த கிழமை போனபோது சைக்கிள் இல்லை. ஒரு சாக்கின் மேல் அதன் உறுப்புகள் எல்லாம் கழற்றிப் பரப்பப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, தான் எந்த இடத்தில் இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே கிடந்தது. நானா எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்சக்கரத்து அச்சில் குண்டுகளைப் பிடித்திருக்கும் கோன் என்கிற உருக்குத் துண்டு ஒன்று வெடித்துப்போயிருந்தது. செயின் சரிவராது. ஒரு பெடல் இல்லை. சீற்றின் கம்பிச்சுருள்கள் நல்லது, தோல் உக்கிவிட்டது. மணிக்கு மூடி இல்லை. வலை எலி தின்று எந்தக் காலமோ.

"அப்ப புதுசு போடுங்கோ நானா."

அவர் என்னை ஏதோ கூடாத கதை கதைத்துவிட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"புதுசு இதில இருக்காது மிஸ்ஸி. இந்தச் செயின்ட கண்ணிய பாருங்க, நீளம். இப்ப வாற செயின் இந்தப் பல்லில குந்தாது. அப்ப பல்லுச் சில்ல மாத்தணும். அத மாத்தினா பின்சில்லு சரி வராது. அதயும் மாத்தணும். ஒண்ட மாத்தினா மத்ததெல்லாம் என்னயும் மாத்து எண்டு சொல்லும். கடசில மேற்றன்ட சைக்கிள் எங்க?"

"மேற்றன் போயிட்டா. இப்ப இது என்ர சைக்கிள்."

"அதுக்குத்தான் சொல்றன். உங்கட சைக்கிள் நல்ல சைக்கிளா இருக்கோணும்."

தெற்கே காலி நகரத்தில் சைக்கிள் சாமான் வியாபாரம் செய்யும் மச்சான் ஒருவர் தனக்கு இருப்பதாகவும், பழைய கடைகளில் தேடி அசல் கோனும் அசல் செயினும் அனுப்பும்படி எழுதியிருப்பதாகவும் சொன்னார். ஒரு கிழமை, மிஞ்சினால் இரண்டு கிழமை.

நான்கு மாதம் போனது.

அந்த நான்கு மாதமும் நான் நடந்தேன். வழியில் நேரம் இருந்தால் கடைக்குப் போவேன். நானா பால் விடாத பிளேன்ரீ எடுப்பித்துத் தருவார். சாக்கின் மேல் என் சைக்கிள் அப்படியே கிடக்கும். ஆனால் ஒவ்வொரு தரமும் ஏதாவது ஒரு துண்டு முன்னையைவிட மினுங்கும். ஒருநாள் விளக்கு மாட்டும் கொக்கி. இன்னொருநாள் பிரேக் கம்பிகள். ஹாண்டிலின் மரப்பிடிகளைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, வெடிப்பை மூடி, புதுசுபோல ஆக்கி வைத்திருந்தார். அதைக் கையில் தந்து, "பிடிச்சுப் பாருங்க" என்றார். மேற்றனின் விரல்கள் தேய்த்த பள்ளம் அதில் இருந்தது. என் விரல்களும் அதற்குள் சரியாக இருந்தன. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நான்கு மாதம் எடுப்பார் என்று பயம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் தனக்கென்று ஒரு நல்ல சைக்கிள் இருந்ததாகச் சொன்னார். அவசரத்துக்கு ஒரு துண்டை மற்றவர் சைக்கிளுக்குக் கழற்றிக் கொடுத்து, அந்த இடத்தில் கிடைத்ததைப் போட்டாராம். பிறகு இன்னொன்று. "ரெண்டு வருசத்தில நான் ஏறி ஓடினது வேற ஏதோ சைக்கிள். என்ட சைக்கிள் கொழும்பு முழுக்க மத்தாக்கள்ட காலுக்குக் கீழ ஓடுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் அவருக்கு அது மனத்தில் இருந்தது.

பங்குனி மாதத்தில் ஒருநாள் மத்தியானம், உப்புவெளிக்கு அப்பால் இருந்து ஒரு மனிதர் ஓடிவந்தார். மனைவிக்கு வலி, மூன்றாவது பிள்ளை. நான் பையோடு புறப்பட்டேன். வெயிலில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தொப்புள்கொடியை வெட்டியிருந்தார்கள். பிள்ளை நன்றாக இருந்தது. தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தேன். பிழைத்துக்கொண்டாள். ஆனால் அவளுடைய உதடு கடதாசிபோல இருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

அங்கேயிருந்து நேரே கடைக்கு வந்தேன். நானா ஒரு சின்னத் தூரிகையால் சைக்கிளின் சட்டத்தில் பொன்கோடு கீறிக்கொண்டிருந்தார்.

"நானா, பிள்ளை பெறுற பொம்பிளை என்ர சைக்கிள்ல அசல் கோனோ எண்டு கேக்கிறேல்லை" என்றேன். "நான் நேரத்துக்கு வந்தனானோ எண்டுதான் கேக்கிறாள். இண்டைக்கு நான் நேரத்துக்குப் போகேல்லை. அவள் செத்திருப்பாள்."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். என் சேலையில் இரத்தம் காய்ந்திருந்தது. அதைப் பார்த்தார்.

"ஒரு கிழம தாங்க மிஸ்ஸி. சாமான் வந்தாலும் வராட்டியும் செய்து தாறன்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பிளேன்ரீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கிழமை முடியும் முன் யப்பான் விமானங்கள் வந்தன. சித்திரை வருசம் பிறக்கச் சில நாள்தான் இருந்தது. காலை ஏழு மணி தாண்டியிருக்கும், நான் வாட்டில் இருந்தேன். அபாயச் சங்கு ஊதியது. நடக்கக்கூடிய தாய்மாரைப் பிள்ளைகளோடு வெளியே வெட்டியிருந்த பதுங்குகுழிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நடக்க ஏலாத இருவரோடு நானும் இன்னொரு மிஸ்ஸியும் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டோம். ஓடுகள் கிலுகிலு என்று ஆடின. ஒரு பிள்ளை மட்டும் அவ்வளவு சத்தத்திலும் பால் குடித்துக்கொண்டிருந்தது. எல்லாம் அடங்கி வெளியே வந்தபோது சீனன்குடாப் பக்கத்து வானம் கறுப்பு. எண்ணெய்த் தாங்கி ஒன்று எரிகிறது என்றார்கள். அது நாள்கணக்கில் எரிந்தது.

பின்னேரத்துக்குள் நகரம் காலியாகத் தொடங்கியது. வண்டியிலும் வள்ளத்திலும் காலிலுமாகச் சனம் போனது. ஆஸ்பத்திரியிலும் பாதிப்பேர் இல்லை. நான் இருந்தேன். வீரம் ஒன்றும் இல்லை. வாட்டில் இருந்த தாய்மாரை விட்டுவிட்டு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் நாள் நேரம் கிடைத்தபோது சந்தைப் பக்கம் போனேன். கடைகள் எல்லாம் பூட்டு. நானாவின் கடைக் கதவிலும் பூட்டு. கதவு இடுக்கால் பார்த்தேன். சாக்கு வெறுமையாகக் கிடந்தது. என் சைக்கிளை அவர் துண்டு துண்டாகவே கொண்டு போயிருந்தார்.

கோபம் வரவில்லை. அவர் உயிரோடு போய்ச் சேர்ந்தாரா என்ற யோசனைதான் வந்தது. போன தரம் அந்தத் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். ஒருநாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம், ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வாசலுக்கு வந்தேன். படலையடியில் நானா நின்றார். தாடி வளர்ந்திருந்தது. அவருடைய சைக்கிள் வேலியில் சாய்ந்து நிற்க, இன்னொரு சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றில் ஏறி, மற்றதைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கிண்ணியாத் துறையில் இருந்து வந்திருக்கிறார்.

"பாக்காதீங்க மிஸ்ஸி" என்றார். "ஓடும்."

பார்க்காமல் எப்படி இருப்பது? சட்டமும் ஹாண்டிலும் முன்சில்லும்தான் பழையவை. பின்சில்லு ஏதோ சுமை ஏற்றும் சைக்கிளின் தடித்த சில்லு. அது அடங்குவதற்காக அந்தத் துளை போட்ட மட்காட்டைச் சுத்தியலால் அடித்து விரித்திருந்தார். செயின் புதுசு, பல்லுச்சில்லு வேறு ஏதோ ஒன்றினுடையது. இல்லாத பெடலுக்கு மரக்கட்டை. சீற்றில் தோலுக்குப் பதிலாகத் தார்ப்பாய் மடித்துத் தைத்திருந்தது. அந்தத் தையல் கோணல் மாணல்.

"எங்கட ஊட்டில வருத்தம்" என்றார். "நேத்து விடியச் சாமத்தில இருந்து. புள்ள குறுக்கால கிடக்கு எண்டு சொல்றாங்க. வழமையாப் பாக்கிற கிழவி பயத்தில தம்பலகாமம் போயிட்டா. நீங்க டவுனிலதான் இரிக்கிற எண்டு வள்ளக்காரர் சொன்னாங்க. நேத்துப் பின்னேரம் மூணு மணித்தியாலத்தில இதப் பூட்டினன். துறை கடக்க வள்ளம் சாமத்திலதான் கிடைச்சிச்சு."

நான்கு மாதம் ஏலாதது மூன்று மணித்தியாலத்தில் நடந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது, என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் கதைத்தார். ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ப் பெரிய டொக்டரிடம் சொன்னேன். "போம், இங்க நான் பாக்கிறன்" என்றார். பையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினேன்.

சைக்கிள் ஓடியது. பாரமாக, ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டு, ஆனால் ஓடியது. சீனன்குடாவுக்குக் கிட்டப் போனபோது புகைமணம் தொண்டையைப் பிடித்தது. காவலில் நின்ற வெள்ளைக்காரச் சிப்பாய் மறித்தான். இளம் பெடியன், கண் சிவந்திருந்தது. நான் ஆஸ்பத்திரிப் பாஸையும் பையையும் திறந்து காட்டினேன். பையைவிடச் சைக்கிளைத்தான் அவன் கூடநேரம் பார்த்தான். பெடல் மரக்கட்டையைச் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினான்.

அதைத் தாண்டி ஒரு மைல் போகவில்லை, என் சேலை பின்சில்லுக்குள் போய்விட்டது. வலை இல்லைத்தானே. நான் பக்கவாட்டில் சரிந்து பற்றைக்குள் விழுந்தேன். கையில் உரசல், வேறு ஒன்றும் இல்லை. நானா ஓடிவந்து, முழங்காலில் இருந்து, கம்பிகளுக்குள் சிக்கிய சேலையை மெல்ல மெல்ல எடுக்கப் பார்த்தார்.

"மிஸ்ஸி, அந்த மட்காட்ட நான் சுத்தியலால அடிச்சன்" என்றார். வீட்டில் மனைவி அந்தப் பாடுபடும்போது அவர் வாயில் வந்தது அதுதான். அழுதுவிடுவார் போல இருந்தது.

"நீங்கள் விடுங்கோ" என்று சொல்லி, பையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்துச் சேலையின் அந்த மூலையை வெட்டி எறிந்தேன். மிச்சத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். அதற்குப் பிறகு செயின் இரண்டு தரம் கழன்றது. இரண்டு தரமும் அவர் மாட்டினார். துறையில் பாதையில் ஏறி அக்கரைக்குப் போனோம். அந்தப் பெரிய தெப்பத்தை அங்கே பாதை என்றுதான் சொல்வார்கள். மணல் ஒழுங்கையில் எங்களைக் கண்டு சனம் வழிவிட்டது.

அவருடைய மனைவி களைத்துப் போயிருந்தார். ஆனால் நெஞ்சில் துணிவு இருந்தது. என்னைக் கண்டதும், "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டார். பிள்ளை முழுக்கக் குறுக்கே இல்லை. கால் முன்னால் வரப் பார்த்தது. அப்படி ஒன்றைப் பயிற்சியில் பெரிய மிஸ்ஸிக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், தனியாகச் செய்ததில்லை. எண்ணெய் கேட்டேன், சுடுதண்ணீர் கேட்டேன், அங்கே நின்ற பெண்களில் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை வெளியே அனுப்பினேன். மத்தியானத் தொழுகைக்கு அழைப்புக் கேட்ட நேரம் கால்கள் வந்தன. தலை வரும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது ஒரு வருசம். பெண்பிள்ளை. முதலில் அழவில்லை. பாதத்தில் தட்டி, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு வீடு நிறைய அழுதாள்.

வெளியே வந்தபோது நானா முற்றத்தில் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்துச் செயினை இறுக்கிக்கொண்டிருந்தார். சும்மா இருக்க ஏலாமல் செய்த வேலை. "ரெண்டு பேரும் சுகம்" என்றேன். அவர் சில்லை ஒருதரம் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் எழும்பி முகம் கழுவப் போனார்.

சில மாதத்தில் நகரத்துக்குச் சனம் திரும்பத் தொடங்கியது. நானாவும் கடையைத் திறந்தார். இதற்கிடையில் நான் அந்தச் சைக்கிளில் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விட்டேன். வலைக்கு வழி நானே கண்டுபிடித்தேன். ஈச்சிலம்பற்றில் இருந்து என்னைப் பெற்ற ஐயா கொடுத்தனுப்பிய மீன்வலை நூலில், சின்ன வயதில் பழகிய முடிச்சில் ஒரு வலை கட்டி, அந்த மட்காட்டுத் துளைகளில் கோத்தேன். விரிந்துபோன மட்காட்டில் அது கொஞ்சம் இழுபட்டுத்தான் நின்றது. ஆனால் சேலை அதற்குப் பிறகு ஒருநாளும் சில்லுக்குள் போகவில்லை.

நானாவுக்கு மட்டும் அந்தச் சைக்கிளைக் காணும்போதெல்லாம் மனம் கேட்காது. நான் கடையைத் தாண்டிப் போனால், அதன் சத்தத்தைக் கேட்டே தலையைக் குனிந்துகொள்வார். அடுத்த வருசம் காலியில் இருந்து பார்சல் வந்தது. எங்கெங்கோ சுற்றி, மூன்று தபால் கந்தோரின் முத்திரையோடு. அசல் கோன், அசல் செயின். அவர் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்து காட்டினார்.

"ஒரு கிழம தாங்க மிஸ்ஸி."

"ஒரு கிழமை தர ஏலாது நானா. உங்கட ஒரு கிழமை எனக்குத் தெரியும்."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எனக்கு லீவு உள்ள நாளில் காலையில் சைக்கிளைக் கொண்டுவந்து விடுவேன். பின்னேரம் அது ஓடவேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சாமான்தான் மாற்றலாம். அவர் ஒத்துக்கொண்டார். முதல் லீவில் பெடல். எங்கேயோ தேடி அதன் சோடியைப் பிடித்திருந்தார். அடுத்ததில் சீற். பழைய கம்பிச்சுருளில் நகரத்துச் சப்பாத்துத் தைப்பவரைக் கொண்டு புதுத்தோல் போட்டிருந்தார்.

"இது அசலோ?" என்று கேட்டேன்.

"அசல்தான். தோல் மட்டும் வேற."

"அப்ப அரை அசல்."

"குந்திப் பாத்திட்டுச் சொல்லுங்க" என்றார். குந்திப் பார்த்தேன். தார்ப்பாயில் ஒரு வருசம் இருந்தவளுக்கு அது மெத்தை. அதற்குப் பிறகு அரை அசல் என்ற கதையை நான் எடுக்கவில்லை.

மூன்றாம் லீவில் பின்சில்லும் செயினும். அதை ஒரு சாமானாகத்தான் கணக்கெடுக்க வேண்டும் என்று வாதாடினார், விட்டுக்கொடுத்தேன். மட்காட்டையும் ஒரு மரக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டிப் பழையபடி எடுத்திருந்தார். சைக்கிள் மேற்றனின் காலத்தில் எப்படி நின்றிருக்குமோ அப்படி நின்றது. வேப்பமரத்துக்குக் கீழே போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஏறி மிதித்தேன். தண்ணீரில் தோணி போவதுபோலப் போனது. திரும்பிப் பார்த்தேன், நானா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தெருவின் நடுவிலேயே நின்றார்.

இரண்டு கிழமைக்குப் பிறகு நான் அதைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டி வந்தது. தார் றோட்டில் அதைப்போல ஒன்று இல்லை. ஆனால் நான் போகும் வீடுகள் தார் றோட்டில் இல்லை. கடற்கரைப் பக்கத்து மணலில் அந்த ஒடுக்கமான பின்சில்லு கத்தி மாதிரி இறங்கியது. இரண்டு தரம் தள்ளிக்கொண்டு போய், மூன்றாம் தரம் பாதி வழியில் விட்டுவிட்டு நடந்தேன். எப்படி இதை அவருக்குச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சொன்னேன். அவர் சில்லைக் கையால் சுற்றினார். அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது.

"நல்ல சில்லு" என்றார்.

"நல்ல சில்லுதான் நானா."

"ஆனா மணலுக்கு ஏலா."

"ஏலாது."

அன்று பின்னேரமே பழையபடி அந்தத் தடித்த சில்லையும் புதுச் செயினையும் அவரே பூட்டினார். அந்த மட்காட்டை மறுபடி விரிக்க வேண்டியிருந்தது. இந்தத் தரம் சுத்தியல் எடுக்கவில்லை. சூடாக்கி, துணி சுற்றி, கையால் வளைத்தார். அசல் சில்லைக் கடைச்சுவரில் ஆணி அடித்துக் கொழுவினார். யாராவது விலை கேட்டால், "அது மிஸ்ஸிட. விக்கிறதுக்கில்ல" என்பார். கிழமைக்கு ஒருதரம் தூசி தட்டி, அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார் என்று பக்கத்துக் கடைக்காரர் எனக்குச் சொன்னார்.

வலை விசயத்தில் மட்டும் அவர் விடவில்லை. கொழும்பில் இருந்து பட்டு நூல் எடுப்பித்து, ஒருநாள் நான் லீவில் ஊருக்குப் போயிருந்த நேரம் என் மீன்வலையை அவிழ்த்துவிட்டு, பட்டில் கட்டியிருந்தார். வடிவாகத்தான் இருந்தது. மாரி தொடங்கி மூன்று கிழமையில் நைந்து தொங்கியது. அடுத்த தரம் காற்றடிக்க விட்டபோது, எனக்குச் சொல்லாமல் மீன்வலை நூலை வாங்கி அவரே கட்டிவிட்டார். முடிச்சுகள் எல்லாம் பிழை. கடற்கரையில் ஒரு சின்னப் பிள்ளையும் அப்படிக் கட்டாது. வீட்டுக்குக் கொண்டுவந்து சிரித்துச் சிரித்து அவிழ்த்து மறுபடி கட்டினேன். அவரும் அதைக் கவனித்தார், பிறகு அந்த வலையில் கை வைக்கவில்லை. மணிக்கு மூடி கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு பித்தளை விளக்கின் அடித்தட்டை வெட்டிப் போட்டுத் தந்தார். அதன் ஓசை கோயில் மணிக்கும் தகரத்துக்கும் நடுவில் இருக்கும். ஓர்ஸ் ஹில் சரிவில் அந்தச் சத்தம் கேட்டால், மிஸ்ஸி வருகிறா என்று சனம் சொல்லும்.

யுத்தம் முடிந்த வருசம் எனக்கு ஈச்சிலம்பற்றுக்கு மாற்றம் வந்தது. நானே கேட்டு வாங்கியதுதான். அம்மாவுக்குச் சுகம் இல்லை, அந்தப் பகுதியில் பயிற்சி பெற்ற மருத்துவிச்சியும் இல்லை. மூதூருக்குப் போகும் வள்ளத்தில் சைக்கிளை ஏற்ற நானா வந்தார். மனைவியும் வந்திருந்தார், மகள் அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்று வயது முடிந்திருந்தது. என்னோடு கதைக்கமாட்டாள், வெட்கம். நானா சைக்கிளை வள்ளத்தின் விலாவில் கயிற்றால் கட்டி, கட்டின இடத்தில் பெயின்ற் உரசாமல் சாக்கு வைத்தார். பிறகு ஒரு பிஸ்கற் தகரத்தை என் கையில் தந்தார். அசல் கோன், அசல் செயின், பல்லுச்சில்லு, பழைய பிரேக் கட்டைகள், எல்லாம் எண்ணெய்த் துணியில் சுற்றி உள்ளே இருந்தன. அசல் சில்லும் தனியாகச் சாக்கில் வந்திருந்தது.

"இதெல்லாம் எனக்கு என்னத்துக்கு நானா? அங்க எல்லா இடமும் மணல்."

"எண்டைக்காவது றோட்டுப் போடுவாங்கதானே" என்றார்.

வள்ளம் வெளிக்கிட்ட பிறகும் அவர்கள் மூவரும் கரையில் நின்றார்கள். நான் கையைக் காட்டினேன். மகள்தான் முதலில் திருப்பிக் கையைக் காட்டினாள்.

மூதூரில் இறங்கி, கொஞ்சம் மிதித்தும் மிச்சம் தள்ளியும் ஊர் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்தது. வழியில் எத்தனையோ பெண்கள் வேலிக்கு வெளியே வந்து, பொம்பிளை ஒருத்தி சைக்கிளில் போகிறாளே என்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் காலை, வெருகல் பக்கத்தில் இருந்து ஆள் வந்தது. ஏறிப் போனேன். அந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் பெடியங்கள், நான் போய்ப் பையைத் திறக்கவும் முதலாவது தலையைக் காட்டவும் சரியாக இருந்தது.